கடைசி ஓவரில் கழற்றிய வயர்

வெளிநாட்டில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற இடத்தில் அன்ரன் அண்ணையும் நானும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு ஞாயிறு மதியம், தொலைக்காட்சியில் இலங்கை அணி கடைசி ஓவரில் வெற்றியைத் துரத்திக்கொண்டிருந்தது. விக்கெட் விழாமலிருக்க, கடைசி ஓவரில் ஒருவரும் இருந்த இடத்தை விட்டு எழும்பக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பார்க்க வந்த நண்பர்களும் ஆடாமல் அசையாமல் இருந்தார்கள்.

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. நான்தான் எழும்பிப் போய் எடுத்தேன். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரி, தவறான எண். ரிசீவரை வைப்பதற்குள் விக்கெட் விழுந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் தொலைபேசி வயரைச் சுவரிலிருந்து கழற்றினேன். எல்லோருடைய கண்ணும் திரையில் இருந்தது. அண்ணையின் அம்மா மன்னார் ஆஸ்பத்திரியில் இருப்பது எனக்குத் தெரியும். ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன்.

கடைசிப் பந்தில் வென்றோம். கட்டிப்பிடித்துக் கத்தினோம். வயர் நினைவுக்கு வந்தபோது ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. மாட்டியதுமே மணி அடித்தது. அண்ணையின் தங்கை.

"எவ்வளவு நேரமா எடுக்கிறன், ரிங் போகுது, ஒருத்தரும் எடுக்கேல்லை. அம்மா அண்ணையோட கதைக்கோணும் எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவ. இப்பதான் கண்ணை மூடினவ."

அன்று முழுவதும் அண்ணை ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் கத்தின சத்தத்தில மணி அடிச்சது கேக்கேல்லையடா."

அதன் பிறகு அவர் கிரிக்கெட் பார்ப்பதே இல்லை. அந்த மணி அடிக்கவேயில்லை என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.