இசக்கிசெல்வி கையெழுத்துப் போடவில்லை

2004ஆம் வருடம் கம்பெனி நடத்திய மருத்துவப் பரிசோதனையில், மூச்சின் பலம் பார்க்கக் குழாயில் ஊதச் சொன்னபோது இசக்கிசெல்விதான் அவள் லைனிலேயே முதலாவதாக வந்தாள். அதுவே அவளுக்கு வினையாயிற்று.

ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனி. நின்றபடியே வேலை. பெல்ட்டில் நகர்ந்து வரும் பலகையில் ஒவ்வொருத்தியும் தன் பங்கு வயரைச் செருகி, டேப் சுற்றி, அடுத்தவளுக்கு விடவேண்டும். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்த இசக்கிசெல்வி மூன்று வருடமாய் அங்கே நின்றாள். மண்ணூரில் ஃபெபியின் வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தாள். ஃபெபியும் அதே லைன்தான்.

அந்த வருடம் கேண்டீன் மாடிப்படி அவளுக்கு மலையாகிவிட்டது. படுத்தால் மூச்சு அடைத்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள்.

“உக்காந்துகினே தூங்குறியே, நீ இன்னா வாட்ச்மேனா?” என்று ஃபெபி கேலி செய்தாள். கேலி செய்த கையோடு தன் தலையணையையும் அவள் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள்.

ஒருநாள் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே இசக்கிசெல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. பலகைகள் குவிந்தன. சூப்பர்வைசர் நாகப்பன் ஓடி வந்தார்.

“இன்னாம்மா, குழாயில ஊதி ஃபர்ஸ்ட் வந்தவ நீ. இங்க வந்து மூச்சு வாங்குதுன்னு படம் காட்டுறியா? மிஷின் பொய் சொல்லுமா?”

லைன் சிரித்தது. ஃபெபி மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். சொந்தக் காரணத்தால் வேலையிலிருந்து விலகுவதாக ஒரு தாள் அடித்துத் தயாராக இருந்தது. நாகப்பன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

மூன்று வருடத்தில் அவரிடம் “சரி சார்” என்பதைத் தவிர வேறு பேசியறியாதவள், பேனாவை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டாள்.

“மிஷின் பொய் சொல்லல சார். காத்து போகுதா வருதான்னு மட்டுந்தான் அது பாத்துச்சு. நேத்து இருமித் துப்புனேன், செவப்பா வந்துச்சு. காத்து ஓடுத எடத்துல ரத்தத்துக்கு என்ன சோலி? அத யாரு பாத்தா?”

“நீ இன்னா டாக்டருக்குப் படிச்சியா?”

“ஏழாங்கிளாஸோட நின்னுட்டேன். நெஞ்சு என் நெஞ்சுல்லா சார்? போய்ப் பாத்துட்டு வாரேன். அதுக்கு முன்ன கையெழுத்துப் போடமாட்டேன்.”

ஃபெபி லீவு போட்டு அவளைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் கங்கா நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். சின்ன வயதில் மூட்டுவீக்கத்தோடு வந்த காய்ச்சல், இதயத்தின் இடப்பக்கத்து வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. நுரையீரலில் காற்றை வாங்கிய ரத்தம் அந்த வழியாகத்தான் உடம்புக்குப் போக வேண்டும்.

“நுரையீரல் கெட்டிக்காரி. ஒரு மூலைக்குக் காத்து வரலைன்னா, அங்க போற ரத்தக்குழாயை அதுவே சுருக்கி, காத்து வர்ற பக்கம் ரத்தத்தைத் திருப்பிவிடும். யாரும் ஆர்டர் போட வேண்டாம். ஆனா வெளிய போற வாசலே அடைச்சா எந்தப் பக்கம் திருப்பும்? ரத்தம் தேங்கி அழுத்தம் ஏறுது. பயந்துபோய்க் குழாயெல்லாம் இன்னும் இறுக்கிக்குது.”

“எங்க லைன்லயும் அதேதான் டாக்டர்” என்றாள் இசக்கிசெல்வி. “முன்னால உள்ளவ நின்னுட்டா, பின்னால உள்ளவகிட்ட பலகை குவியும். ஏச்சு பின்னால உள்ளவளுக்குத்தான்.”

டாக்டர் சிரித்துவிட்டார்.

தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி, அதன் நுனியில் இருந்த பலூனை ஊதி வால்வை விரித்தார்கள். மூன்றாம் நாள் அவள் மல்லாந்து படுத்துத் தூங்கினாள்.

இரண்டு மாதம் கழித்து, மூச்சுத்திணறல் இதய வால்வால் வந்தது, இப்போது நின்று வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதிய சான்றிதழோடு கம்பெனிக்குப் போனாள். அவள் இடத்தில் வேறொரு பெண் நின்றாள்.

“நல்லாயிட்டியா? ரொம்ப சந்தோஷம்மா” என்றார் நாகப்பன். “அந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டுடு. புது ஆளா திரும்பச் சேத்துக்கறோம். ட்ரெய்னிங்லேர்ந்து ஸ்டார்ட் பண்ணிக்க.”

“நான் வெலகவே இல்லியே சார். பெறவு எப்படிப் புதுசாச் சேர?”

“அடம் புடிக்காத.”

“டாக்டர் எழுதிக் குடுத்திருக்கத படிங்க. நீங்க படிக்கியளா, நான் லைன்ல நின்னு சத்தமாப் படிக்கட்டுமா?”

அன்று சிரித்த லைன் இப்போது வேலையை மெதுவாக்கிவிட்டு இந்தப் பக்கமே பார்த்தது. நாகப்பன் சான்றிதழை வாங்கிப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு அந்தப் புதுப் பெண்ணைக் கைகாட்டி அடுத்த லைனுக்கு அனுப்பினார்.

இசக்கிசெல்வி தன் இடத்தில் போய் நின்று டேப்பைக் கிழித்தாள்.