நிழலுக்கு ஒரு மருந்து

ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவித் தருகிறார் அந்த மனிதர். பருத்த உடம்பு, மெல்லிய குரல், பிலிம் கழுவும் மருந்து பட்டுப் பழுப்பேறிய நகங்கள். எந்தச் சுருளையும் கேள்வி கேட்காமல் வாங்க மாட்டார். நான் என் சுருளை நீட்டியபோதும் கேட்டார்.

"உள்ள யாரு இருக்காங்க அக்கா?"

"அம்மா. சுங்காய் எஸ்டேட் வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. புள்ளி புள்ளியா இல்லாம முகம் வழவழன்னு வரணும்ண்ணே."

"அதுக்கு மருந்து இருக்கு. ஆனா அதுல கழுவுனா இருட்டான இடமெல்லாம் செத்துப்போயிடும்லா. இன்னொரு மருந்துல புள்ளி தெரியும், நிழல்ல உள்ளதும் தெரியும்."

"நிழல்ல ஒண்ணும் இல்லண்ணே."

"நீங்க அம்மாவத்தானே பாத்து எடுத்தீங்க?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுவாரம் படத்தை நீட்டினார். அம்மாவின் கன்னமெல்லாம் மணல் தூவியதுபோல் புள்ளிகள். அவருக்குப் பின்னால், இருண்ட கதவுக்குள், அப்பா. என் கல்யாணத்திலிருந்து என்னோடு பேசாதவர். படம் எடுத்த அன்று என் கார் சத்தம் கேட்டதுமே உள்ளே போய்விட்டவர். கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த மனிதருக்கு நிழலைப் பற்றி ஏன் கேட்கத் தோன்றியது என்று இன்னும் விளங்கவில்லை. நான் கேட்ட மருந்தையே போட்டிருந்தால், அப்பா எனக்கு உள்ளே போனவராகவே இருந்திருப்பார்.