கடைசி வளைவில் வைத்த கை

மலை ஏறும் ரோட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவனுக்குப் பின்னால் யார் வந்தாலும் கை வைப்பார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். கேட்க மாட்டார்கள். கேரியரில் உப்பு மூட்டை இருக்கும், மண்ணெண்ணெய் டின் இருக்கும். பின்னால் வருகிறவன் கை வைத்துத் தள்ளுவான். மேடு முடிந்ததும் கையை எடுத்துவிட்டுத் தன் வழியில் போவான். முன்னால் போகிறவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வான். அது மரியாதைக்கு. அதை யாரும் காதில் வாங்குவதில்லை. கை வைக்காமல் தாண்டிப் போனால்தான் ஊரில் பேச்சு வரும்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொன்னால் புரியாது.

எண்பதுகளில் எனக்குப் பந்தயம் போவதுதான் வேலை. அடிவாரத்தில் ஒரு தோல் கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. நான் தோலைத் தொட்டதே இல்லை. முதலில் நீச்சல், அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில். விடியக்காலம் தண்ணீரில் இறங்கினால் சாயங்காலம்தான் தரையில் உட்கார முடியும். அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் உண்டு. நாங்கள் மூணு பந்தயம் என்போம். கம்பெனி பேர் போட்ட பனியனைக் கொடுத்து அனுப்புவார்கள். ஜெயித்தால் முதலாளி பக்கத்தில் வந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்.

ஓட்டம் எனக்கு மலையிலேயே வந்தது. சைக்கிள் கம்பெனி கொடுத்தது. நீச்சல்தான் தெரியாது. எங்கள் ஊரில் நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் ஏது. கீழே கிணறு வெட்டப் போன இடத்தில் கற்றுக்கொண்டேன். கிணற்றில் கற்றவனுக்கு நேராகப் போக வராது. மெட்ராஸில் முதல் தபா கடலில் இறங்கினபோது வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தேன். படகில் வந்தவன் துடுப்பைக் காட்டி, இந்தப் பக்கம் யா, இலங்கைக்கா போற என்றான். கடைசிக்கு முந்தின ஆளாய்க் கரை ஏறினேன். எப்பவும் அப்படித்தான். தண்ணீரில் விட்டதை ரோட்டில் பிடிக்க வேண்டும்.

வலியைப் பற்றிக் கேட்பார்கள். வலி பெரிசில்லை. பசிதான். சைக்கிள் பாதியில் வயிறு காலியாகிவிடும். எதையாவது போட்டால் ஓடும்போது வெளியே வரும். மற்றவர்கள் குளுக்கோஸ் வைத்திருப்பார்கள். நான் கேழ்வரகுக் களியை உருட்டித் துணியில் முடிந்து இடுப்பில் கட்டியிருப்பேன். மிதித்து மிதித்துக் கால் அதிலேயே பழகிவிடும். இறங்கி ஓட ஆரம்பித்தால் கொஞ்ச தூரம் அது யாருடைய காலோ. அப்புறம்தான் என் கால் திரும்பி வரும். அதுவரைக்கும் பொறுக்க வேண்டும். பொறுக்காதவன் ரோட்டோரம் படுத்திருப்பான்.

சில வருசம் இப்படி ஓடினேன். வேலை நிரந்தரம் ஆகவில்லை. மேனேஜர் இன்றைக்கு நாளைக்கு என்றார். எனக்கும் வயசு ஏறியது. அப்புறம் ஒரு வருசம் கம்பெனிக்காரர்களே எங்கள் ஜவ்வாது மலையில் பந்தயம் வைத்தார்கள். அடிவாரத்து ஏரியில் நீச்சல். கீழே ஊர்களைச் சுற்றி வந்து மலை ஏறி, புதூர்நாடு வரைக்கும் சைக்கிள். அங்கிருந்து மலை ஊர்களுக்குள் ஓடித் திரும்ப வேண்டும்.

மேனேஜர் கூப்பிட்டார். முதல் மூன்று பேரில் வந்தால் வேலை நிரந்தரம், நீ இப்ப இருக்கிற கம்பெனி வூடும் உனக்கே என்றார். வராவிட்டால் மாசக் கடைசியில் காலி பண்ணு என்றார். உங்க மலைதானே, ஆடு மாதிரி ஏறிட மாட்டே என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எனக்கு அந்த வூடு வேண்டும். என் வூட்டுக்காரி அப்போது மாசமாக இருந்தாள். முதல் பிரசவத்துக்கு அவளை மலையிலிருந்து டோலி கட்டித் தூக்கி வந்தோம். பாதி வழியிலேயே பிள்ளை போய்விட்டது. கம்பெனி வூட்டிலிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். அவள் பந்தயத்தைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டாள். அந்தத் தபா மட்டும், மூணு பேருக்குள்ள வந்துடுவியா என்று கேட்டாள். வருவேன் என்றேன்.

ஏரியில் வழக்கம்போல விட்டேன். பாசி காலைச் சுற்றியது. கரை ஏறும்போது எனக்கு முன்னால் நிறைய பேர். கீழ் ரோட்டில் எதிர்க்காற்று. ஒவ்வொருத்தனாகப் பிடித்தேன். மலை ரோடு தொடங்கும்போது முன்னால் ரெண்டு பேர்தான். ஒருத்தர் பட்டாளத்துக்காரர், பல ஊர்ப் பந்தயத்தில் பார்த்துப் பழக்கம். இன்னொருத்தன் பெங்களூர்ப் பையன்.

நடுவர் ஜீப் எங்கள் கூடவே வர வேண்டும். பாதி மலையில் அது கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீருக்குப் போனான். நாங்கள் ஏறினோம்.

கடைசி வளைவு செங்குத்து. அங்கே பஸ்ஸே முனகும். புளி ஏற்றிப் போகிற சனங்கள் நின்றிருந்தார்கள். பட்டாளத்துக்காரர் திணறினார். ரெண்டு பேர் போய்க் கை வைத்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேடு தாண்டிப் போனார். அடுத்து பெங்களூர்ப் பையன். அவனுக்கும் கை வைத்தார்கள். அவன் கையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் போனான். நான் கீழேயிருந்து பார்த்தபடி ஏறினேன்.

எனக்கு ரூல் தெரியும். வெளி ஆள் தொடக் கூடாது. என் சீட்டுக்குப் பின்னால் ஒரு கை விழுந்தது. வளையல் சத்தம் கேட்டது. என் அக்கா. அதே மலையில் கட்டிக்கொடுத்திருந்தோம். புளிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

வேணாங்கா என்றேன்.

"மிதிடா," என்றாள்.

மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். வேறென்ன நினைப்பாள். மறுபடியும் சொன்னேன். இன்னும் பலமாகத் தள்ளினாள். அப்போதுதான் ஜீப் வளைவு திரும்பியது.

நான் நிற்கவில்லை. புதூர்நாட்டில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். செருப்பில்லாமல்தான் ஓடுவேன். பலா மரத்து நிழலில் பெங்களூர்ப் பையன் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். தாண்டினேன். பட்டாளத்துக்காரரைப் பிடிக்க முடியவில்லை. ரெண்டாவதாக வந்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் சனம் விசில் அடித்தது. ஜீப்பிலிருந்து பார்த்திருந்தால் வூட்டுக்காரிக்கு என்ன சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே புழுதியில் உட்கார்ந்தேன்.

மைக்கில் இங்கிலீஷில் பேசினார்கள். என் நம்பர் வந்தது. முதல் மூன்று பேரில் என்னைக் கூப்பிடவில்லை. மேனேஜர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

நடுவரிடம் போனேன். வெளி ஆள் உதவி, ஜீப்பிலிருந்து பார்த்தேன், உன்னை நீக்கியாச்சு என்றார். முன்னால் போன ரெண்டு பேருக்கும் கை வைத்தார்கள் சார் என்றேன். நான் பார்க்கலை என்றார். உங்க ஜீப் கீழே நின்றிருந்தது சார் என்றேன். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் யா," என்றார்.

பட்டாளத்துக்காரரைப் பார்த்தேன். நீங்க சொல்லுங்க என்றேன். அவர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். அது முடிச்சே போடாத நாடா. அதையே அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் தோளில் கை போட்டு என்னைத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு வழி இருக்கு என்றார். அந்தப் பொம்பளை யாருன்னே தெரியாது, குடிச்சுட்டு வந்து சைக்கிளைப் புடிச்சு இழுத்தா, நான் விழப் பாத்தேன்னு சொல்லு. உனக்கு உதவி பண்ணலை, தொந்தரவு பண்ணான்னு ஆயிடும். நான் நடுவர்கிட்ட பேசிக்கிறேன். போலீஸ் ரெண்டு தட்டு தட்டி அனுப்பிடுவாங்க. அவ்வளவுதான்.

அக்கா அங்கேதான் நின்றிருந்தாள். ஒரு சொம்பில் கூழ் வைத்திருந்தாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது. நான் ரெண்டாவதாக வந்தது தெரியும். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் என்னை நடுவர் முன்னால் நிறுத்தினார். சொல்லு என்றார்.

"அது எங்க அக்கா சார்," என்றேன். "தெரிஞ்சவங்கதான். குடிக்கலை."

நடுவர் அதற்குமேல் கேட்கவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி. அந்த மூஞ்சியில் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. கூழை வாங்கிக் குடித்தேன். பரிசு எப்படா குடுப்பாங்க என்று அக்கா கேட்டாள். அப்புறம் வரும் என்றேன்.

மாசக் கடைசியில் வூட்டைக் காலி பண்ணினோம். வூட்டுக்காரி அழவில்லை. பாத்திரத்தை மூட்டை கட்டினாள். "அக்காகிட்ட இதைச் சொல்லாத," என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். பனியனை நான் அடுப்பில் போட்டேன். சைக்கிளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மலைக்குப் போனோம். சாமை விதைத்தேன். மழைக்காலத்தில் அவளுக்கு வலி எடுத்தது. பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. நான் டோலிக்கு மூங்கில் தேடி ஓடினேன். அதற்குள் அக்கா வந்து சேர்ந்தாள். பிள்ளை அவள் கையில்தான் விழுந்தது. இந்தத் தபா பிழைத்தது. பிழைக்காமல் போயிருந்தால் நான் கீழே போய் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அக்கா சும்மா இருக்க மாட்டாள். சந்தைக்குப் போகும்போதெல்லாம் பரிசு வந்துச்சா என்று கேட்பாள். வரும் என்பேன்.

அடுத்த வருசம் மேனேஜர் ஜீப்பில் ஊருக்கு வந்தார். மறுபடியும் பந்தயம். கடைசி வளைவில் உங்க ஆளுங்க தொல்லை, நீ அங்கே கயிறு கட்டி நின்று ஒருத்தரும் ரோட்டுக்கு வராமல் பார்த்துக்கணும், நீ சொன்னாத்தான் கேப்பாங்க என்றார். ஒன்றுமே நடக்காத மாதிரி பேசினார். பிள்ளையைப் பார்த்து நல்லாருக்கானா என்றுகூடக் கேட்டார்.

சரி சார் என்றேன்.

காலையிலேயே போய்க் கயிறு கட்டினேன். விசில் கொடுத்திருந்தார்கள். சனங்கள் கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள். அக்காவும் வந்தாள்.

"இன்னாடா, மாட்டுச் சந்தையா இது, கயிறு கட்டினு நிக்கிற?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

இந்தத் தபா ஜீப் நல்ல ஜீப். கூடவே வந்தது. நடுவர் அதே ஆள். முதலில் வந்தவர் பட்டாளத்துக்காரர். செங்குத்தில் வண்டி தள்ளாடியது. நான் கயிற்றை அவிழ்த்துப் போட்டேன். ஓடிப்போய் அவர் சீட்டில் கை வைத்தேன்.

"யோவ், கைய எடு யா," என்றார்.

"போன வருசம் எடுக்கச் சொல்லலியே நீங்க."

மேடு வரைக்கும் தள்ளினேன். திரும்பி இறங்கினேன். அடுத்தவனைத் தள்ளினேன். சனத்துக்குச் சொல்லவா வேண்டும். கயிறு இல்லை என்றதும் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். வந்தவர்கள் அத்தனை பேர் சீட்டிலும் கை. வேண்டாம் என்று சொன்னவனுக்கு இன்னும் பலமாக. நடுவர் ஜீப்பில் எழுந்து நின்று கத்தினார். மேனேஜர் இறங்கி ஓடி வந்தார். அவர் முன்னாலேயே இன்னொருத்தனைத் தள்ளினேன். விசிலை அவர் காலடியில் போட்டேன்.

மைதானத்துக்குப் போனேன். பார்த்துவிட வேண்டும் என்று போனேன். யாரையும் பந்தயத்திலிருந்து நீக்கவில்லை. அத்தனை பேரையும் நீக்கினால் பந்தயம் எங்கே இருக்கும். பட்டாளத்துக்காரருக்கு மாலை போட்டார்கள். நடுவர் அவர் கையைக் குலுக்கினார். முதலாளி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ரூல் என்ற வார்த்தையை அன்றைக்கு ஒருத்தர் வாயிலும் கேட்கவில்லை. கேட்டுவிடலாம் என்று முன்னால் போனேன். என்னைப் பார்த்ததும் மைக்கைச் சத்தமாக வைத்தார்கள்.

அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் புளிக் கூடை.

"இவங்களுக்கெல்லாம் உடனே குடுத்துட்டாங்களே," என்றாள். "உன்னுது எப்ப வரும்?"

"வராதுக்கா."

ஏன் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.