முனியய்யாவிடம் வாங்கிய வாய்தா

என் அய்யா கைகூப்பி நின்று நான் பார்த்தது அபூர்வம். கோயிலில்கூடச் சாமியிடம் நியாயம் கேட்க வந்தவர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நிற்பார். அப்பேர்ப்பட்டவர் ஒரு பங்குனி மாதத்துக் காலையில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் நாலு வயதுத் தங்கச்சியின் முன்னால் கும்பிட்டு நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. தங்கச்சி வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. மேலெல்லாம் மணலை வாரி இறைத்தாற்போலச் சிவப்புத் தடிப்பு. அதனால்தான் எங்கள் பக்கம் அதற்கு மணல்வாரி என்று பேர். தட்டம்மை என்று சொன்னால்தான் இப்போது பலருக்கும் விளங்குகிறது.

கமுதிக்குத் தெற்கே, மிளகாயும் பருத்தியும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் எங்களுடையது. அம்மை குத்துகிறவர் எப்போதாவது வருவார். அவரைக் கண்டதும் பிள்ளைகள் எல்லாரும் விறகுக்கு வைத்திருக்கும் பருத்திமார்க் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். அவர் குத்தியதெல்லாம் பெரியம்மைக்கு. மணல்வாரிக்கு அன்று ஊசி கிடையாது. போன மாதம் தங்கச்சியின் பேரனுக்கு அந்த ஊசியைப் பரமக்குடியில் போட்டுவிட்டு வந்தார்கள். வீறிட்டு அழுதான், மிட்டாய் கொடுத்ததும் சிரித்தான், அவ்வளவுதான். எங்கள் காலத்திலோ மணல்வாரி வந்தால் மாரியாத்தாளே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தம். வாசலில் வேப்பங்குழை செருகுவார்கள். அடுப்படியில் தாளிப்பு நின்றுபோகும், வீட்டில் அதட்டல் நின்றுபோகும். படுத்திருக்கும் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அது வாய்திறந்து எதைக் கேட்டாலும் ஆத்தா கேட்பதுதான். இல்லை என்று சொல்லக் கூடாது. எனக்கு இதெல்லாம் ஏற்கெனவே வந்து போயிருந்தது. எதையும் கேட்காமல் கோட்டை விட்டுவிட்டேனே என்று அங்கலாய்ப்பாக இருந்தது.

ஆனால் பெரியவர்களுக்கு உள்ளுக்குள் உதறல். கீழத்தெருவில் ஒரு பிள்ளை அப்போதுதான் தவறிப்போயிருந்தது. எங்கள் தங்கச்சியும் இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நடமாடினாள். அய்யா சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனார். மூன்றாம் நாள் காலையில்தான் அவள் இமை அசைந்தது. அய்யா பதறிப்போய்க் கைகூப்பினார்.

“ஆத்தா, ஒனக்கு என்ன வேணும், சொல்லு. குத்தங்கொற இருந்தா மன்னிச்சிரு.”

தங்கச்சி உதட்டை நனைத்துக்கொண்டு, “கிடாவ வெட்டக் கூடாது” என்றாள்.

எங்கள் வீட்டில் வளர்ந்த அந்தக் கிடா, கண்மாய்க்கரைக் காவல்தெய்வம் முனியய்யாவுக்கு நேர்ந்துவிட்டது. முந்தின வருஷம் மிளகாய்ச் செடி வாடிச் சுருண்ட நேரத்தில் அய்யா வேண்டிக்கொண்டார், மறுநாளே மழை பெய்தது. சித்திரையில் வெட்டு என்று பரமக்குடி உறவுக்கும் திருவாடானைப் பெரியப்பாவுக்கும் சொல்லியாகிவிட்டது. தாயில்லாக் குட்டியாக வந்த அதற்குச் சங்கில் பால் புகட்டி வளர்த்ததில் தங்கச்சிக்கும் பங்கு உண்டு. அவள் படுத்ததிலிருந்து அது வாசலிலேயே நின்று, செருகியிருந்த வேப்பங்குழையை ஒன்றுவிடாமல் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. ஆத்தாளுக்கு வைத்ததை ஆடு தின்கிறதே என்று அம்மா பதறினாள். விரட்டவும் பயம், விடவும் பயம்.

அய்யா தரகர்போலத் தணிந்த குரலில் பேரம் பேசிப் பார்த்தார். பாலும் பழமும் வைப்பதாகச் சொன்னார், கூழ் ஊற்றுவதாகச் சொன்னார், மாவிளக்கு எடுப்பதாகச் சொன்னார். தங்கச்சி எதற்கும் மசியவில்லை. கிடாவை வெட்டக் கூடாது, அதற்குத் தினமும் குழை ஒடித்துப் போட வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அய்யா சரி என்று தலையாட்டிவிட்டார்.

காய்ச்சல் இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் சங்கடம் முழுதாகத் தெரிந்தது. கிடாவை வெட்டினால் ஆத்தா கோபிப்பாள், வெட்டாவிட்டால் முனியய்யா கோபிப்பார். அய்யா பூசாரியிடம் போய் யோசனை கேட்டார். வெட்டிய கிடாவின் தலை பூசாரிக்குத்தான் சேரும் என்பதாலோ என்னவோ, முனியய்யாவுக்குச் சொன்னதை மாற்றவே கூடாது என்று அவர் அடித்துப் பேசினார். அய்யாவுக்கு அது சரிப்படவில்லை. அவர் ஒரு வரப்புத் தகராறுக்காகப் பரமக்குடிக் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தவர். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுத முடியாது என்பது அவருக்குத் தெரியும். என்னையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போய், முனியய்யா முன்னால் சூடத்தை ஏற்றினார்.

“அய்யா, நான் இல்லைங்கல. இந்த வருசம் வாய்தா குடுங்க. அடுத்த சித்திரையில பாத்துக்கிருவோம்.”

சூடம் அணைகிற வரை நின்றோம். சுவரில் எங்கோ பல்லி சொல்லியது. அய்யா மீசையைத் தடவிக்கொண்டு, வாய்தா கிடைத்துவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பினார். கறி தின்ன வந்த உறவுக்கெல்லாம் பருப்புக்குழம்பு ஊற்றினோம். திருவாடானைப் பெரியப்பா மட்டும் இலையை மூடும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த சித்திரையிலும் அய்யா சூடத்தோடு போனார், அதற்கடுத்த சித்திரையிலும் போனார். வரப்பு வழக்குக்கூட ஒருநாள் முடிந்தது, இது முடியவில்லை. கிடாவுக்குத் தாடி நரைத்தது, வீச்சம் தெருமுனை வரை போனது, மிளகாய் நாற்றை மேய்ந்துவிட்டு ஊரார் ஏச்சையெல்லாம் எங்களுக்கு வாங்கித் தந்தது. கடைசியில் பல்லெல்லாம் உதிர்ந்து தானாகவே செத்துப்போனது. அய்யா அதைக் கண்மாய்க்கரையில், முனியய்யா பார்வையில் படுகிற இடமாகப் பார்த்துப் புதைத்தார். பாவாடை தாவணி போடுகிற வயதிலும் தங்கச்சி தேம்பித் தேம்பி அழுதாள்.

அன்று சாயங்காலம் நான் அய்யாவிடம் கேட்டேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். அவரிடம் கேள்வி கேட்கிற துணிச்சல் வந்திருந்தது. அன்றைக்குப் பேசியது ஆத்தாதான் என்று நிசமாகவே நம்பினீர்களா என்றேன். அய்யா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஆத்தான்னா பாலுக்கும் பழத்துக்கும் எறங்கி வந்திருப்பா. ஆட்டுக்குக் கொழ ஒடிச்சுப் போடுன்னு ஆத்தாவா கேப்பா? ஒந்தங்கச்சிதான்னு அப்பவே தெரியும்.”

“பெறகு ஏன்யா சரின்னு சொன்னீக?”

“ரெண்டு நாளா பேச்சு மூச்சில்லாமக் கெடந்த புள்ள, வாயத் தொறந்து ஒண்ணு வேணும்னு கேக்குது. எப்படி இல்லைங்கிறது?”