கரி படாத அடுப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. நாலு பெற்று, நாலையும் ஆளாக்கினேன். கையெழுத்துக்கு மேல் எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல, மூத்த மருமகளின் மகள் எழுதுகிறாள். சொல்ல வந்தது ஒரு விரலைப் பற்றி. எங்கள் வகுப்புக்கார அம்மாவின் ஆள்காட்டி விரல்.

தொண்ணூறுகளில், சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊரில், பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்துக் கோயில் மண்டபத்தில் புதன்தோறும் வகுப்பு நடத்தினார் அவர். புகையில்லா அடுப்புப் போடவும் பாதி விறகில் சமைக்கவும் சொல்லிக்கொடுத்தார். "மரமும் மிஞ்சுமுங்க, ஆகாசமும் கெடாதுங்க, உங்க நெஞ்சும் கெடாதுங்க" என்பார். தன் வீட்டில் என்ன மாறியது என்று வாராவாரம் ஒவ்வொருத்தியும் எழுந்து சொல்ல வேண்டும். முதல் அடுப்பு என் வீட்டில்தான் போட்டோம். மண் பிசைந்தது என் கை.

வெள்ளிக்கிழமை அதைச் சாணம் மெழுகி, மாக்கோலமிட்டு, குங்குமம் வைத்தேன். தெருவே வந்து பார்த்தது. அப்புறம் அதைக் கரியாக்க மனசு வரவில்லை. ரெண்டு நாள் போகட்டும் என்று, புறக்கடையில் இருந்த ஓலைச் சாளையில் மூன்று கல்லைக் கூட்டி, காய்ந்த பருத்திமார்க் குச்சியில் சமைக்கச் சொன்னேன் மூத்த மருமகளை. ரெண்டு நாள் ஆறு வாரமானது. புதன்கிழமை வந்தால் எழுந்து, "பாதி வெறகுதானுங்க ஆகுது, மருமகளுக்கு இருமலே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்காருவேன். பக்கத்தில் அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருப்பாள்.

கடைசி வகுப்பை என் வீட்டிலேயே வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "ஏனுங்கக்கா, இது அடுப்புங்களா, கல்யாணப் பொண்ணுங்களா? சோறாக்குனா பொட்டு அழிஞ்சுபோயிருமாட்ட இருக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வகுப்புக்கார அம்மா சிரிக்கவில்லை. புகைக்குழாயின் மூடியைத் திறந்து, விரலை விட்டுத் தடவினார். ஆறு வாரக் கரி அப்பியிருக்க வேண்டிய விரல் சுத்தமாக வெளியே வந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். மருமகளின் சிவந்த கண்களையும் பார்த்தார். பிறகு எல்லார் முன்னாலும், இல்லாத கரியைத் தன் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மெதுவாக, "அடுத்த தடவை வாரப்போ என்ர வெரல் கரியாகோணுமுங்கம்மா" என்றார். வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம், அப்புறம் வரவே இல்லை.

அன்றைக்கே அந்த மூன்று கல்லை நான் தூக்கி எறிந்திருக்கலாம். எறிந்தால், சொன்னதெல்லாம் பொய் என்று மருமகள் முன்னால் ஒத்துக்கொண்டதாகும். அந்த வீம்பில் காஸ் அடுப்பு வரும்வரை அவளைச் சாளையிலேயே அடுப்பு ஊத வைத்தேன்.

போன மாதம் இருமலுக்குக் காட்டப் போனபோது டாக்டர் அவளிடம், "வீட்டுல யாராவது பீடி, சிகரெட் குடிப்பாங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றாள், என் பக்கம் திரும்பாமல். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த அம்மா தலைப்பில் துடைத்த விரல்தான் கண்ணில் நின்றது.

எழுதுகிறவள் பேனாவை நிறுத்திவிட்டாள். சமையலறையில் இருமல் கேட்கிறது.

"அம்மணி, மொதல்ல இருந்து படி கண்ணு. சத்தமாப் படி, உங்கம்மாளுக்குக் கேக்கோணும்."