நான் செய்யாத கம்பி

என் வேலையை எங்கள் ஊர் நோர்வூட் பக்கம் யாருக்கும் புரியவைக்க என்னால் முடிந்ததில்லை. மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கை எலியின் உடம்புக்குள் வைத்து, சதை அதை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. இதற்கா இவ்வளவு படிப்பு என்பதுபோல் பார்ப்பார்கள். அக்கா மட்டும் விடாமல் கேட்பாள். எனக்குப் பத்து வயதில் அம்மா இறந்தபின் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தவள். கேட்க அவளுக்கு உரிமை இருந்தது.

ஒரு தீபாவளி லீவில், ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவளிடம் பொறுமையாகச் சொன்னேன். உள்ளே வந்த பொருளை உடம்பு முதலில் தின்று தீர்க்கப் பார்க்கும். முடியாவிட்டால் அதைச் சுற்றித் தழும்பால் உறை கட்டி ஒதுக்கிவிடும். உறை தடித்தால் மின்சாரம் சரியாகப் போய்ச் சேராது. மிருதுவான பிளாஸ்டிக் என்றால் உறை மெல்லியதாக இருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை.

"பொறவு ஒடம்பு பழகிக்குமா?" என்று கேட்டாள். பழகாது, பொறுத்துக்கொள்ளும் என்றேன்.

அடுத்த வருஷம் அவளுக்கே இதயத் துடிப்பு குறைந்து, மலையில் கொழுந்து பறிக்கும்போது மயங்கி விழுந்தாள். பேஸ்மேக்கர் வைத்தார்கள். தோளெலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு மேடு. அதிலிருந்து ஒரு கம்பி இதயத்துக்குப் போனது. வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நீ செஞ்சதுதானே பாப்பா?" என்றாள்.

எங்கோ வெளிநாட்டில் செய்த சாதாரண உலோகக் கம்பி அது. என் பிளாஸ்டிக் எலியைத் தாண்டவே இல்லை. ஆனால் அவள் முகத்தில் பயம் விலகியிருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. "ஆமாக்கா" என்று சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

தோட்டத்து வரிசை வீடுகள், லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். கங்காணியைக்கூட விடவில்லை. போனில் எப்போது விசாரித்தாலும் ஒரு குறையும் இல்லை என்பாள். பேஸ்மேக்கரைச் சோதிக்கக் கிளினிக்குக்குப் போனாயா என்றால், போனேன் என்பாள். நானும் நம்பித் தொலைத்தேன்.

ஏழு மாதம் கழித்து, தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் பீலியடியில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அடுத்த வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்தாள். கடைசி இரண்டு மாதமாக அக்காவுக்குத் தலைசுற்றல் இருந்தது என்றாள். எனக்குத் தெரியாது.

"கிளினிக்குக்கே போகலைங்க. மெசின வச்சுப் பாத்தா கோளாறு தெரிஞ்சிரும், தங்கச்சி செஞ்சது சரியில்லைன்னு எழுதிருவாங்க, அதுக்கு வேல போயிரும்னு சொன்னுச்சு. என்னையும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு."

கம்பியின் முனையைச் சுற்றித் தழும்பு தடித்திருக்கலாம். அப்படியென்றால் கிளினிக்கில் வெளியிலிருந்தே மின்சாரத்தின் அளவைக் கூட்டிவிடுவார்கள். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், பத்து நிமிஷ வேலை. என் மாணவர்களுக்கு இதை நான் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அக்காவுக்குச் சொல்லவில்லை. பாவி நான்.

அந்தப் பெண் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இப்பவும் யாருகிட்டயும் நான் வாயத் தொறக்கலைங்க. ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகாது என்றேன். அது நான் செய்ததே இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா ஒன்றுமில்லாததற்காகச் செத்தாள் என்றாகிவிடும். அந்தப் பெண்ணுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.