டெல்மர் மாமாவின் நீல ஜீப்

டெல்மர் மாமா தன் ஜீப் ரேடியோவில் தும்மினால் செவ்வாய் கிரகத்தில் இருப்பவன் முகத்தைத் துடைத்துக்கொள்வான். அமெரிக்காவின் இந்த யூட்டா மலைப்பாதைகளில் அப்படியொரு ரேடியோ கிடையாது. இதைச் சொல்கிறவர் அவர்தான். உண்மையில் நாங்கள் ஜீப்புகளில் வரிசையாக மலையேறும்போது, நாலு ஜீப் தள்ளிப் போனாலே எங்களுக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கும்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். ஆன்டெனாவைத் தாங்கும் பட்டை வண்டியின் வெறும் இரும்பைத் தொட்டால்தான் குரல் தூரம் போகும். மாமாவோ வருஷா வருஷம் தன் கையாலேயே ஜீப்புக்கு நீலப் பெயிண்ட் அடிப்பவர். அதைச் சுரண்ட மனசு வராமல் பெயிண்டின் மேலேயே பட்டையை முடுக்கிவிடுவார். பின்தங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்ள வரிசையில் எப்போதும் கடைசியாக வருவதும் அவர்தான். போன வருஷம் அவர் வண்டியே அச்சு முறிந்து நின்றுவிட்டது. அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. ஐந்து மணி நேரம் வெயிலில் கிடந்தார்.

"மாமா, ரேடியோவ வித்துட்டு ஒரு விசில் வாங்கிக்குங்க" என்றேன்.

"போடா, என் பெயிண்ட்டப் பாத்து உனக்கு வயித்தெரிச்சல்."

வெள்ளிக்கிழமை அவர் பர்கர் தின்னப் போன நேரத்தில் பட்டையைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை அடியில் சுரண்டி, பழையபடி மாட்டிவைத்தேன்.

மறுநாள் மலையில் முதல் ஜீப்பில் நான் போய்க்கொண்டிருந்தபோது, பதினோரு ஜீப்புக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கணீரென்று வந்தது.

"எல்லாருக்கும் கேக்குதா? முதல் வண்டியில இருக்குற கோல்பி, உனக்கும் கேக்குதா? காலைல எங்கிட்ட காப்பி வாங்குறப்போ உன் நகத்துக்குள்ள என் நீலம் இருந்துச்சுடா. கை கழுவத் தெரியாதவனெல்லாம் திருட்டு வேல பாக்கக் கூடாது."